டெண்டர் பெட்டிக்குக் கணிதப் பூட்டு

திருச்சியிலிருந்து துறையூர் போகும் பேருந்தில் ஏறி, மண்ணச்சநல்லூரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் பலர், முற்றுப்பெறாத மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மதிலுக்கு வெளியே இருக்கும் கிணற்றை அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

கல்வெட்டு அதை மாற்பிடுகு பெருங்கிணறு என்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அது சுவஸ்திகக் கிணறு. நான்கு திசைகளிலிருந்தும் படிக்கட்டுகள் இறங்குகின்றன. ஒவ்வொரு படிக்கட்டும் பாதி வழியில் ஒரே போக்கில் மடங்கித் திரும்புவதால், மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தெரியும். இந்த அமைப்பால் ஒரு விந்தை விளைகிறது. ஒரு படிக்கட்டில் இறங்குகிறவருக்கு மற்ற மூன்றிலும் யார் இறங்குகிறார்கள் என்பது தெரியாது. நால்வரும் போய்ச் சேருவதோ ஒரே தண்ணீர்.

அரசாங்கங்கள் கடந்த இருபது ஆண்டுகளாகக் கணினிக்குள் கட்ட முயல்வதும் இப்படி ஒரு கிணற்றைத்தான். அதற்குப் பெயர் மின்னணுக் கொள்முதல்.

கொள்முதல் என்றாலே நம் பக்கத்தில் நெல் மூட்டையும் எடைத் தராசும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரசு வாங்குவது நெல்லை மட்டுமல்ல. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ், ஆரம்ப சுகாதார நிலையத்து ஊசி, சாலைக்கு முக்கால் இஞ்சு ஜல்லி, ஊராட்சிக்குக் குடிநீர்த் தொட்டி என எல்லாமே கொள்முதல்தான். பணம் ஊருடையது, வாங்குகிறவர் அதிகாரி, விற்கிறவர் ஒப்பந்ததாரர். இந்த மூவருக்கும் நடுவில் நம்பிக்கைக்கு என்ன வழி? அதற்காக வந்த ஏற்பாடுதான் ஒப்பந்தப்புள்ளி. ஊர்ப் பேச்சில் டெண்டர்.

பெட்டி இருந்த காலம்

டெண்டரின் தத்துவம் எளிது. வேலை இன்னதென்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். விலையை ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவருக்குத் தெரியாமல் எழுதித் தர வேண்டும். குறித்த நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைத் தர வேண்டும். அவரைத்தான் ஒப்பந்ததாரர்கள் ‘எல்-1’ என்பார்கள். அதாவது, குறிப்பிட்ட நேரம் வரை முழு ரகசியம். அந்த நேரத்துக்குப் பிறகு முழு வெளிச்சம். இரண்டில் எது தவறினாலும் டெண்டர் வெறும் சடங்காகிவிடும்.

தமிழ்நாடு இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. கர்நாடகம் அடுத்த ஆண்டு இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் விதிகள் 2000-ல் வந்தன. மதிப்பு 2 கோடி ரூபாய் வரை என்றால் விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம். அறிவிப்பை ஒப்பந்தப்புள்ளி இதழில் வெளியிட வேண்டும். பேரம் பேசுவதென்றால் எல்-1 ஒருவரிடம் மட்டுமே பேசலாம். சட்டம் தெளிவாகவே இருந்தது. ஓட்டை இருந்தது காகிதத்தில்.

ஒரு சின்ன வேலையை வைத்துப் பார்ப்போம். ஓர் ஊராட்சியில் தரைமட்டத் தொட்டி கட்ட டெண்டர் விடுகிறார்கள். ஒப்பந்ததாரர் முதலில் அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி, ‘ஷெட்யூல்’ என்ற டெண்டர் படிவத்தை வாங்க வேண்டும். அங்கேயே ரகசியம் பாதி போயிற்று. யார் யார் ஷெட்யூல் வாங்கினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை தெரிந்துவிடும். நால்வர் வாங்கியிருந்தால் நால்வரும் ஓரிடத்தில் கூடி, “இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு” என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். இதைத் தொழிலில் ‘ரிங்’ என்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் ரிங்குக்குள் வரவில்லை என்றால், கடைசி நாளன்று டெண்டர் பெட்டிக்கு முன்னால் பத்துப் பேர் நின்றால் போதும். அவர் கவரைப் பெட்டிக்குள் போட முடியாது.

பெட்டியைத் தாண்டி உள்ளே போன கவருக்கும் ஆபத்து உண்டு. விலை எழுதும் இடத்தை வெற்றாக விட்டுவைத்து, எல்லாருடைய விலையும் தெரிந்த பிறகு எழுதிக்கொள்வது. ஒரு தாளை உருவிவிட்டு வேறு தாளைச் செருகுவது. 8-ஐ 3 ஆக்குவது. அரக்கு முத்திரை, எண்ணிலும் எழுத்திலும் விலை, திருத்தங்களைச் சுற்றி வட்டம், பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் என்று விதிகள் பெருகியது இந்தத் தில்லுமுல்லுகளுக்கு அஞ்சித்தான். ஆனால் எத்தனை விதி போட்டாலும், கடைசியில் பெட்டியின் சாவி ஒரு மனிதரின் சட்டைப் பையில்தான் இருந்தது.

மூன்று பூட்டுகள்

கணினிக்கு மாறியபோது காகிதம் மிச்சமானது, வேகம் கூடியது என்று சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் பெரிய மாற்றம் அதுவல்ல. சாவி ஒருவர் பையில் இருக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்ததே, அதுதான். இதைச் சாத்தியமாக்கியவை மூன்று கணித யுக்திகள்.

முதலாவது, கைரேகை. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதானாலும், அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் அரைத்துக் கலக்கி, ஒரே நீளமுள்ள குறியீடாகச் சுருக்கும் கணக்கு ஒன்று உண்டு. ‘ஹாஷ்’ என்பார்கள். அதிகம் புழங்கும் எஸ்.எச்.ஏ.-256 முறையில் விடை எப்போதும் 64 இடங்கள் கொண்டதாக இருக்கும். 18,45,000 என்ற விலையை 18,46,000 என்று மாற்றினால், ஓரிலக்கம் அல்ல, அந்த 64 இடங்களும் ஏறக்குறைய மொத்தமாக மாறிப்போகும். குறியீட்டிலிருந்து கோப்பைத் திரும்பக் கண்டுபிடிக்கவும் முடியாது. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதது போல. சாத்தியமான குறியீடுகளின் எண்ணிக்கையோ, 1 எழுதி அதன் பின்னால் 77 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணையும் விடப் பெரிது. ஆகவே விலையை அனுப்பும் கணத்தில் அதன் கைரேகை பதிவாகிவிட்டால், பிறகு யார் எண்ணை மாற்றினாலும் ரேகை ஒத்துப்போகாது. பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட்ட வேலையை இந்த ஒற்றைக் குறியீடு செய்துவிடுகிறது.

இரண்டாவது, பூட்டுக்கு ஒரு சாவி, திறப்புக்கு வேறொரு சாவி. இது கேட்கும்போது நம்ப முடியாததாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்பலாம். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் 1977-ல் கண்டறிந்த முறை இது. அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது.

பூட்டும் சாவி 3, திறக்கும் சாவி 7, இருவருக்கும் பொதுவான எண் 33 என்று வைத்துக்கொள்வோம். நான் ரகசியமாகச் சொல்ல வேண்டிய எண் 4. பூட்டுவதற்கு, 4-ஐ மூன்று முறை பெருக்குகிறேன்: 4 × 4 × 4 = 64. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 31. இந்த 31-ஐத்தான் அனுப்புகிறேன். வழியில் பார்க்கிறவருக்கு 31 மட்டுமே தெரியும். திறப்பவர் 31-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும். 2751 கோடியே 26 லட்சத்து 14 ஆயிரத்து 111 வரும். அதை 33-ஆல் வகுத்தால் மீதி 4. நான் அனுப்பிய அதே 4. செல்பேசிக் கணிப்பானில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பூட்டும் சாவியான 3-ஐ ஊருக்கெல்லாம் சொல்லலாம். 7 மட்டும் ரகசியம். 3-ம் 33-ம் தெரிந்தவர் 7-ஐக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், 33 எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்று தெரிய வேண்டும். 3 × 11 என்று குழந்தையும் சொல்லிவிடும். நிஜத்தில் அந்தப் பொது எண் 617 இலக்கம் கொண்டது. அதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க இன்றைய கணினிகளுக்கு ஒரு யுகம் போதாது. இந்தியாவில் தரப்படும் மின் கையொப்பச் சான்றிதழ்களில் வழக்கமாக இருப்பது இந்த அளவிலான, அதாவது 2048 இருமக் குறிகள் கொண்ட சாவி.

இதையே திருப்பிப் போட்டால் கையொப்பம் ஆகிறது. என் ரகசியச் சாவியால் கைரேகையைப் பூட்டி அனுப்பினால், என் பொதுச் சாவியை வைத்து எவரும் திறந்து பார்த்து, “இது இவர் போட்டதுதான்” என்று உறுதி செய்யலாம். பூட்டியது நானில்லை என்று நானும் மறுக்க முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இப்படிப்பட்ட மின் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு தந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 17 முதல் அது அமலில் இருக்கிறது. ஒப்பந்ததாரர்கள் சாவிக்கொத்தில் மாட்டித் திரியும் பென்டிரைவ் போன்ற ‘டி.எஸ்.சி. டோக்கன்’ இருக்கிறதே, அதற்குள்ளே இருப்பது இந்த ரகசியச் சாவிதான்.

மூன்றாவது, பங்கிட்ட சாவி. கோயில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுப் போட்டு, சாவிகளை வெவ்வேறு கைகளில் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் சாவி வைத்திருப்பவர்களில் ஒருவர் ஊரில் இல்லையென்றால் உண்டியல் திறக்காது. “நால்வரில் எந்த இருவர் வந்தாலும் திறக்கலாம், ஒருவரால் மட்டும் முடியாது” என்று ஒரு பூட்டுச் செய்ய முடியுமா? அதே ஷமீர் 1979-ல் ஒரு வழி சொன்னார். ரகசிய எண் 7 என்போம். அதிலிருந்து படிக்கு மூன்றாக ஏறும் ஒரு நேர்கோடு: முதல் அதிகாரிக்கு 10, இரண்டாமவருக்கு 13, மூன்றாமவருக்கு 16, நான்காமவருக்கு 19. ஒவ்வொருவருக்கும் தன் எண் மட்டுமே தெரியும்; ஏற்றம் எவ்வளவு என்பது தெரியாது. முதலாமவர் 10-ஐ வைத்துக்கொண்டு தனியாக எதுவும் செய்ய முடியாது. இரண்டாமவரும் நான்காமவரும் கூடினால், இரண்டு படியில் 6 ஏறியிருக்கிறது, அதாவது படிக்கு 3. 13-லிருந்து இரண்டு படி இறங்கினால் 7. கதவு திறந்துவிட்டது. எந்த இருவர் கூடினாலும் விடை இதுவே.

கணக்கு வழிகள் வேறுபடலாம். இந்தியாவின் அரசு டெண்டர் மென்பொருளில் உள்ள ஏற்பாடு இதே கருத்தில் அமைந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சென்னைக் குழுவினர் உருவாக்கிய ‘ஜெப்னிக்’ என்ற அந்த மென்பொருளில்தான் தமிழ்நாட்டின் டெண்டர் தளமும் வேறு பல மாநிலங்களின் தளங்களும் இயங்குகின்றன. ஒப்பந்ததாரரின் விலை, அவருடைய கணினியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் சர்வருக்குப் போகிறது. சர்வரைப் பராமரிப்பவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. கவர் பிரிக்க நியமிக்கப்பட்டவர்களில் குறைந்தது இருவர், தத்தம் டோக்கனைச் செருகினால்தான் திறக்கும். அதுவும் குறித்த நேரத்துக்கு முன்னால் திறக்காது.

திருவெள்ளறைக் கோயிலுக்குள் உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு உண்டு. தை முதல் ஆனி வரை ஒரு வழி. ஆடி முதல் மார்கழி வரை மறு வழி. எந்த வாசல் எப்போது திறக்கும் என்பதை நாள்காட்டி முடிவு செய்கிறது. எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அது மாறாது. டெண்டர் சர்வரின் கடிகாரமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். மூன்று மணி என்றால் மூன்று மணி. அலுவலக வாசலில் நின்று கெஞ்சினாலும் மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு வந்த கவரைப் பெட்டி வாங்காது.

உலகம் போன வழி

தென்கொரியா 2002-ல் நாடு முழுவதற்கும் ஒரே மின்னணுக் கொள்முதல் தளம் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் இந்தியாவில் வழி காட்டியது. பெட்டிக்கு முன்னால் ஆள் நிறுத்தும் தொல்லையை ஒழிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. உக்ரைன் 2016 ஆகஸ்டு முதல் எல்லா அரசு அமைப்புகளுக்கும் ஒரே தளத்தைக் கட்டாயமாக்கி, டெண்டர் முடிந்ததும் எல்லா ஆவணங்களையும் எவரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. அதே மாதம் 9-ஆம் தேதி இந்திய அரசு ‘ஜெம்’ என்ற மின்சந்தையைத் தொடங்கியது. நாற்காலி முதல் கணினி வரை மத்திய அரசுக்கு வேண்டிய பொருள்களுக்கு விலை ஒப்பந்தம் போட்டுவந்த பழைய தலைமை இயக்குநரகம் 2017 அக்டோபர் 31-ல் மூடப்பட்டது. 2023-24 நிதியாண்டில் ஜெம் வழியாக நடந்த கொள்முதல் 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது.

பூட்டுக்கு வெளியே

இவ்வளவு பூட்டியும் திருட்டு நின்றதா என்றால், இல்லை. இடம் மாறியது.

2018-ல் மத்தியப் பிரதேசத்தில், நூலிழையில் வேலையை இழந்த ஒரு நிறுவனம் புகார் எழுப்பியது. உள்ளே ஆராய்ந்தபோது, அங்கே அப்போது இருந்த டெண்டர் அமைப்பில் நுழைந்து, வேண்டியவர் எல்-1 ஆகும்படி விலைகள் மாற்றப்பட்டதாகத் தெரிந்தது. 2019 ஏப்ரலில் அம்மாநிலப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. பூட்டின் கணிதத்தை யாரும் உடைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை; அமைப்புக்குள் நுழையும் பயனர் கணக்கு தவறான கையில் இருந்தது என்பதே குற்றச்சாட்டு.

சத்தீஸ்கர் கதை இன்னும் வேடிக்கையானது. டெண்டரைப் பதிவேற்றிய அதிகாரிகளின் கணினிகளையும், விலை அனுப்பிய ஒப்பந்ததாரர்களின் கணினிகளையும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் துறை ஒப்பிட்டுப் பார்த்தது. 74 கணினிகள் இரு தரப்பிலும் பொதுவாக இருந்தன. அவற்றின் வழியே போன டெண்டர்களின் மதிப்பு 4,601 கோடி ரூபாய் என்று 2019 ஜனவரியில் வெளியான அறிக்கை சொன்னது. நாலு படிக்கட்டுக் கட்டியும், இறங்குகிறவரும் மேலே நின்று பார்க்கிறவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காகித காலமாக இருந்தால் இது வெளியே வந்திருக்காது. எந்தப் பேனாவால் எழுதினார்கள் என்று கவர் சொல்லாது. கணினி சொல்லிவிட்டது.

இந்தத் தடயங்களே இப்போது ஒரு துப்பறியும் கருவி. ரிங் போட்டுத் தோற்கிறவர்களின் விலைகள், ஜெயிப்பவரின் விலைக்குச் சற்றே மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். உண்மையான போட்டியில் விலைகள் சிதறிக் கிடக்கும். ரிங்கில் ஒரே நால்வர் மாறி மாறி வெல்வார்கள். ஐந்தாமவர் வந்தால் அன்றைக்கு மட்டும் விலை சரியும். தென்கொரியாவின் நியாயவணிக ஆணையம் 2006 முதல் டெண்டர் தரவுகளை இப்படிச் சலித்து, சந்தேகத்துக்குரியவற்றுக்கு மதிப்பெண் போடும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ஆயிரக்கணக்கான கவர்களை மேசையில் பரப்பி இதைச் செய்ய ஒரு குமாஸ்தாவால் முடியாது.

கணிதம் எட்டாத இடங்கள் இரண்டு. ஒன்று, பூட்டுக்கு முன்னால் நடப்பது. “இதே அளவில் மூன்று வேலை செய்திருக்க வேண்டும், இந்த வகை இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும்” என்று நிபந்தனை எழுதும்போதே ஒருவருக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துவிடலாம். தைத்த சட்டையைக் கணினி மிக நேர்மையாக அவருக்கே போட்டுவிடும். இன்னொன்று, பூட்டுத் திறந்த பின் நடப்பது. தொட்டியின் சுவரில் எத்தனை மூட்டை சிமெண்ட் போனது என்பதை ‘எம்-புக்’ என்ற அளவைப் புத்தகத்தில் எழுதுகிறவர் இன்னமும் மனிதர்தான்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும், அது கணிதத்தின் குறையல்ல. நம் பழக்கத்தின் குறை. சின்ன ஒப்பந்ததாரர்கள் பலருக்கு ஆங்கிலத் திரையும் எக்ஸெல் விலைப்பட்டியலும் பழக்கமில்லை. டோக்கனையும் கடவுச்சொல்லையும் பிரவுசிங் சென்டர் தம்பியிடமே கொடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் தம்பியிடம் நால்வர் டோக்கனும் இருந்தால், 617 இலக்கப் பூட்டு இருந்தும் பயனில்லை. பழைய பெட்டி திரும்பி வந்துவிட்டது என்றுதான் பொருள். தமிழில் திரையும், தாலுகா தோறும் உதவி மையமும் அமைப்பது, இன்னொரு புதிய மென்பொருள் வாங்குவதை விட அவசரமான வேலை.

கிணற்றடியில் ஒரு கல்

மாற்பிடுகு பெருங்கிணற்றின் படிகள் ரகசியம் காப்பவை. அங்கே உள்ள கல்வெட்டு அதற்கு நேர் எதிர். அது எல்லாரும் படிப்பதற்கென்றே வெட்டப்பட்டது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் நாலாம் ஆட்சியாண்டில் வேலை தொடங்கியது, ஐந்தாம் ஆட்சியாண்டில் முடிந்தது, செய்வித்தவர் ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் என்று அது சொல்கிறது. ஏறக்குறைய 1,200 ஆண்டு ஆகிறது. யார் செய்தார், எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார் என்ற மூன்று கேள்விக்கும் இன்றும் பதில் இருக்கிறது.

மின்னணுக் கொள்முதலின் பாதி வேலை பூட்டுவது. அதைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். மறுபாதி, பூட்டுத் திறந்த பிறகு படிப்பது. அது நம் வேலை. தமிழ்நாட்டு அரசின் டெண்டர் தளத்தில் நடப்பிலுள்ள டெண்டர்களையும், முடிந்தவற்றில் யார் வென்றார் என்பதையும் பார்க்க எவருக்கும் கணக்கோ டோக்கனோ வேண்டாம். உங்கள் தெருவில் சாலை போட ஜல்லி கொட்டியிருந்தால், இன்று இரவு செல்பேசியில் உங்கள் ஒன்றியத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். எத்தனை பேர் போட்டியிட்டார்கள், வேலை யாருக்குப் போனது, எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காததை, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுப் போட்டுக் கேளுங்கள். கம்பன் அரையன் கல்லில் வெட்டிவைத்த அளவுக்காவது உங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.